கடலில் கோடு போடும் முன்: கடல் பூங்கா பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரின் சிஸ்டர்ஸ் தீவுக் கடல் பூங்காவைப் பற்றிப் பள்ளிக்காகக் கட்டுரை எழுதும் பிள்ளைகள் கடைசியில் ஒரு வரி சேர்க்கிறார்கள்: மன்னார் வளைகுடாவிலும் இதேபோல மீன்பிடியைத் தடுத்துவிட்டால் பவளம் பிழைத்துவிடும் என்று. பெரியவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். தவறு! இரண்டு இடமும் ஒன்றல்ல. 2014இல் அறிவிக்கப்பட்ட நம் பூங்கா சுமார் 40 ஹெக்டேர்தான், அந்தத் தீவுகளில் மீனவ ஊர் எதுவும் அப்போது இல்லை. மன்னாரில் 1986இல் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கினார்கள், எதிரே ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை கரை நெடுக மீனவ ஊர்கள்.

சரி, இங்கே ஏன் ஊர் இல்லை? இதைக் கேட்காமல் விடுவது அடுத்த தவறு. நம் தெற்குத் தீவுகளிலும் கடலை நம்பி வாழ்ந்த மலாய்க் குடும்பங்கள் இருந்தன. 1999இல் குப்பைக் கிடங்காகத் திறக்கப்பட்ட செமாக்காவும் ஒருகாலத்தில் மீனவர் வாழ்ந்த தீவுதான். அவர்களை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு மாற்றினோம். அப்புறம் சிங்கப்பூர் இழந்த பவளத்திட்டுகளில் பெரும்பகுதி கடலை நிரப்பி நிலமாக்கும் நிலமீட்பில் போனது, அவர்கள் போட்ட தூண்டிலால் அல்ல.

எனக்கு ரொம்ப வலிப்பது மூன்றாவது தவறு: மீனவர் என்றதும் படகில் போகும் ஆண்களை மட்டும் நினைப்பது. பாம்பன் பக்கம் பெண்கள் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்ற கடற்பாசிகளை எடுக்கிறார்கள், அவர்களிடம் படகோ வலையோ பெரிதாகக் கிடையாது, கைதான் கருவி, பூங்காவின் எல்லைக்கோடு விழுந்ததும் பாட்டி காலத்திலிருந்து செய்துவந்த வேலை ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. இத்தனைக்கும் மாதத்தில் இத்தனை நாள்தான் பாசி எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். கடலைக் காக்கத் தெரிந்தவர்களையே வெளியே நிறுத்திவிட்டு யாரை வைத்துக் காவல் காப்பது?

கருத்துக் கேட்பதிலும் கோளாறு நடக்கிறது. வரைபடத்தில் எல்லையை முடிவுசெய்துவிட்டுக் கூட்டம் போட்டால் அது வெறும் அறிவிப்பு. அதையும் கடலுக்குப் போகும் நேரத்தில் வைத்தால் யார் வருவார்கள்? எல்லை தண்ணீரில் தெரியவும் வேண்டும், மிதவை இல்லாத இடத்தில் இருட்டில் தாண்டியவரைப் பிடித்து அபராதம் போடுவது அநியாயம்.

பிலிப்பீன்ஸின் ஆப்போ தீவில் 1980களில் மீனவர்களே சேர்ந்து கரையோரத்தில் சின்னதாக ஓர் இடத்தை மூடினார்கள், காவலும் அவர்களே இருந்தார்கள். கட்டுரைக்கு ஒப்பிட ஓர் இடம் தேடும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.