எழுப்புதலுக்காக ஜெபிக்கிறீர்களா? முதலில் பேசாமல் இருக்கிறவருக்கு போன் போடுங்கள்

கன்வென்ஷன் பந்தலில் அழுது, கையை உயர்த்தி ஒப்புக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே பழையபடி எரிந்து விழுவது எனக்குப் பல தடவை நடந்திருக்கிறது. அந்த அழுகை பொய் இல்லை. அதற்கு அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

எனக்கு வழி காட்டியது 1904-ல் வேல்ஸ் நாட்டில் நடந்த எழுப்புதல், அதாவது ஜனங்கள் கூட்டங்கூட்டமாக மனந்திரும்பிக் கர்த்தரிடம் வந்த காலம். அதில் முன்னின்ற இவான் ராபர்ட்ஸுக்கு அப்போது 26 வயது; சிறு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அக்டோபர் 31, திங்கட்கிழமை இரவு, சொந்த ஊரான லௌகரில், ஜெபக்கூட்டம் முடிந்தும் போகாமல் உட்கார்ந்திருந்த 17 பேரிடம்தான் முதலில் பேசினார். அந்த நாட்களில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது நான்கு காரியங்கள்: தெரிந்த பாவத்தை அறிக்கையிடுவது, சரியா தப்பா என்று உறுத்துகிறதை விட்டுவிடுவது, ஆவியானவருக்கு உடனே கீழ்ப்படிவது, கிறிஸ்துவை எல்லார் முன்பாகவும் அறிக்கை செய்வது.

முதலாவதில்தான் நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, சங்கீதம் 139-ன் கடைசி இரண்டு வசனங்களை மெதுவாக வாசித்துவிட்டு, கால் மணி நேரம் எதுவும் கேட்காமல் உட்காருங்கள். நினைவுக்கு வருவதைப் பெயரோடு எழுதுங்கள். "நான் பாவி, ஆண்டவரே" என்று சொல்வது சுலபம், "சொத்துப் பிரிக்கும்போது அக்காவிடம் பொய் சொன்னேன்" என்று எழுதத்தான் கை வராது. எழுதியதைக் கர்த்தரிடம் சொல்லுங்கள், மன்னிப்பைப் பெற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் அக்காவுக்கு போன் போடுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்னது இயேசுதான் (மத்தேயு 5). பணம் என்றால் பணமாகவே திருப்பிக் கொடுங்கள்; பைபிளில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான், வேல்ஸிலும் பலர் பழைய கடன்களைத் தேடிப்போய் அடைத்தார்கள். நான் ஆறு வருஷம் பேசாத சித்தப்பா மகனுக்கு போன் செய்தபோது, அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு "சாப்பிட்டியா?" என்றான். அன்று ராத்திரி ஜெபித்தது போல நான் அதுவரை ஜெபித்ததே இல்லை.

ஆனால் ஒன்று. உங்கள் அறிக்கை இன்னொருவர் குடும்பத்தை உடைக்கும் என்றால் முதலில் போதகரிடமோ முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ தனியாகப் பேசுங்கள். உங்களை அடித்தவரை, சீரழித்தவரை மன்னிப்பது என்றால் அவர் வீட்டுக்குத் திரும்பிப் போவது என்று அர்த்தம் இல்லை.

இரண்டாவதை நீங்களே அறிவீர்கள், பெரும்பாலும் அது போனில்தான் இருக்கிறது. மூன்றாவதுக்குப் பெரிய தரிசனம் எதுவும் தேவையில்லை, யாரையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று உள்ளே உணர்த்தப்பட்டால் அன்றைக்கே போங்கள்.

நான்காவதை, சபையில் மைக் பிடித்துச் சாட்சி சொல்வதற்கு முன், வீட்டில் ஆரம்பியுங்கள். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் "இத்தனை நாள் கத்தினது தப்பு" என்று சொல்லுங்கள். வேல்ஸில் சுரங்கத் தொழிலாளிகள் கெட்ட வார்த்தையை விட்டுவிட்டதால், அந்த வார்த்தைகளுக்கே பழகியிருந்த வண்டிக் குதிரைகள் சொன்னது புரியாமல் திகைத்து நின்றதாகச் சொல்வார்கள்.

தூக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். ஓய்வில்லாமல் ஓடிய இவான் ராபர்ட்ஸ் 1906-ல் உடலும் மனமும் தளர்ந்து ஊழியத்திலிருந்து ஒதுங்க வேண்டியதாயிற்று. முழு இரவு ஜெபம் முடிந்த மறுநாள் மத்தியானம் கட்டாயம் படுங்கள், உபவாசத்தில் சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.