செங்குத்துச் சரிவில் ஒற்றையடிப் பாதை: வளைத்து வளைத்து ஏற்றும் முறை

சரிவில் நேராக மேலே ஏறும்படி பாதை போட்டால் முதல் மழைவரைதான் அது பாதை. அப்புறம் ஓடை. அதனால்தான் பாதையைச் சரிவின் குறுக்கே சாய்வாக விட்டு, ஓரிடத்தில் திருப்பி, மறுபடி எதிர்ப்பக்கம் ஏற்றுகிறோம். இங்கே சொல்வது ஒரு மீட்டர் அகலப் பாதைக்கு.

முதலில் கணக்கு. ஏற வேண்டிய உயரம் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூச்சு வாங்காமல் நடக்க 10 சதவீத ஏற்றம் போதும். 10 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் உயரம். ஆக, பாதையின் நீளம் 400 மீட்டர். பக்கவாட்டில் 100 மீட்டர் இடம் கிடைத்தால் நான்கு நீட்டம், மூன்று வளைவு. வாகனச் சாலைக்கும் அடிப்படை இதேதான். இத்தாலியில் 1825-இல் திறந்த ஸ்டெல்வியோ சாலை, 2,757 மீட்டர் உயரக் கணவாயை எட்ட ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் எடுக்கிறது.

அடுத்து, வளைவுகளுக்கு இடம் பாருங்கள். புதியவர்கள் நீட்டங்களை முதலில் வரைந்துவிட்டு, அது முடிகிற இடத்தில் வளைவை வைப்பார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். சரிவு கொஞ்சம் தணிந்த இடங்களைத் தேடி முளை அடியுங்கள். நடுவில் பெரிய பாறையோ புதரோ இருந்தால் இன்னும் நல்லது. காரணம் பின்னால் வரும்.

இப்போது முளைகளை இணைக்க வேண்டும். 3 மீட்டர் நேரான ரீப்பர் கட்டை ஒன்றின் ஒரு முனையில் 30 சென்டிமீட்டர் கால் அடியுங்கள். மேலே ரசமட்டத்தை வையுங்கள். காலைக் கீழ் முளையில் ஊன்றி, மறுமுனையைச் சரிவில் தரையோடு மேலும் கீழும் நகர்த்துங்கள். குமிழ் நடுவில் நிற்கிற இடம் சரியாக 10 சதவீத ஏற்றம். அங்கே சுண்ணாம்புப் பொட்டு வைத்து, காலை அந்தப் பொட்டுக்கு மாற்றுங்கள். அடுத்த வளைவுக்கு மேலேயோ கீழேயோ போய்ச் சேர்ந்தால் வளைவை நகர்த்துங்கள். பாதையைச் செங்குத்தாக்கிச் சமாளிக்காதீர்கள்.

சரி, வெட்டலாம். மேட்டுப்பக்கம் வெட்டி, வெளி ஓரம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும்படி தளம் அமையுங்கள். மழைத்தண்ணீர் குறுக்கே கடந்து போய்விடும். வளைவில் மட்டும் இரண்டு மூன்று மீட்டருக்குச் சமதளம் வேண்டும். பள்ளப்பக்கம் கல் அடுக்கித் தாங்கு சுவர் கட்டுங்கள். மேல் நீட்டத்தின் தண்ணீர் கீழ் நீட்டத்தில் விழாதபடி, வளைவின் உட்புறம் சிறு வாய்க்கால் வெட்டி வெளியே திருப்பிவிடுங்கள்.

கடைசிச் சிக்கல் மனிதர்கள். கீழே வரும் பாதை கண்ணில் பட்டால் போதும், குறுக்கே இறங்கிவிடுவார்கள். அந்தத் தடமே நாளை ஓடை. பாறையும் புதரும் இதற்குத்தான். இல்லாத இடத்தில் முள்ளை வெட்டிப் போடுங்கள். வளைவை ஒட்டி மட்டும் ஏற்றத்தைச் சற்றுக் கூட்டினால் இரண்டு நீட்டங்களும் சீக்கிரம் விலகிவிடும்.

முதல் கனமழை நிற்பதற்குள் மண்வெட்டியோடு போய்ப் பாருங்கள். தண்ணீர் குறுக்கே கடக்காமல் பாதையோடு ஓடுகிற இடங்களில் வெளி ஓரத்தை இன்னும் கொஞ்சம் சீவிவிடுங்கள்.