பயணம் கிளம்பும் முன் ஓடிபியை எஸ்எம்எஸ்ஸிலிருந்து மாற்றிவிடுங்கள்

வெளிநாடு கிளம்புவதற்கு முன்பே, சிம் ஒழுங்காக வேலை செய்யும்போதே, மின்னஞ்சல் போன்ற முக்கியமான கணக்குகளின் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு ஓடிபியும் கேட்பது) எஸ்எம்எஸ்ஸிலிருந்து, ஓடிபி எண்ணைப் போனிலேயே உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாற்றிவிடுங்கள். கணக்கின் பாதுகாப்பு அமைப்புகளில் காட்டும் கியூஆர் கோடைச் செயலியில் ஸ்கேன் செய்து, செயலி காட்டும் எண்ணைக் கணக்கில் உள்ளிட்டு உறுதி செய்தால் வேலை முடிந்தது.

எஸ்எம்எஸ் வந்து சேர ரோமிங் இயங்க வேண்டும், இரண்டு நாட்டு மொபைல் நிறுவனங்களும் ஒத்துழைக்க வேண்டும், இதில் ஏதாவது ஒன்று சொதப்பினாலும் விமான நிலையத்தில் டிக்கெட் இருக்கும் மின்னஞ்சலைத் திறக்க முடியாமல் நிற்க வேண்டியதுதான். புது இடத்திலிருந்து நுழைகிறீர்கள் என்று கணக்கு சந்தேகப்பட்டு ஓடிபி கேட்பதும் சரியாக அப்போதுதான். செயலிக்கோ நெட்வொர்க்கே வேண்டாம். ஸ்கேன் செய்தபோது போனில் பதிந்த ரகசியக் குறியீட்டையும் கடிகார நேரத்தையும் வைத்து, பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒருமுறை, 6 இலக்க எண்ணை அதுவே கணக்கிட்டுக்கொள்கிறது. ஃபிளைட் மோடிலும் வரும்.

எஸ்எம்எஸ் மட்டுமே அனுப்பும் வங்கிகளுக்கு இது உதவாது, அதற்குப் பழைய சிம்மைக் கழற்றாமல் ரோமிங்கோடு வைத்திருக்கத்தான் வேண்டும். போனின் கடிகாரம் தவறாக இருந்தாலும் எண் ஏற்காது, ஆகவே நேரத்தைத் தானியங்கியில் விடுங்கள். அப்புறம், போனே தொலைந்தால் செயலியும் போய்விடும். அப்போது ஓடிபிக்குப் பதிலாகப் பயன்படுத்த, கணக்கு தரும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி, போன் வைக்காத வேறொரு பையில் வையுங்கள், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.