சட்டமன்றத் தொகுதியின் பழைய தேர்தல் கணக்கைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

தேர்தல் நெருங்கினால் "உங்கள் தொகுதி ஒரு பார்வை" என்று ஆளாளுக்கு எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பழைய முடிவுகளை எடுத்து ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி, கடைசியில் "இது இன்னாரின் கோட்டை" என்று முடித்தால் வேலை தீர்ந்தது. பட்டியலில் உள்ள எண்கள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில்தான் பிழை வருகிறது.

முதல் பிழை தொகுதியின் பெயரை நம்புவது. சேப்பாக்கத்தில் கருணாநிதி 1996, 2001, 2006 என மூன்று முறை வென்றார். சேப்பாக்கம்-திருவல்லிக்கேணியில் 2011, 2016 தேர்தல்களில் ஜெ. அன்பழகனும், 2021இல் உதயநிதியும் வென்றார்கள். இந்த ஆறையும் ஒரே அட்டவணையில் போட்டு வெற்றி வித்தியாசம் ஏறியது, இறங்கியது என்று கோடு போட்டால் அந்தக் கோட்டுக்குப் பொருளே இல்லை. 2008 தொகுதி மறுவரையறைக்கு முன் சேப்பாக்கம் தனித் தொகுதி, திருவல்லிக்கேணி இன்னொன்று. இரண்டின் வாக்காளர்களும் வேறு. 2021இல் உதயநிதி பெற்ற 69,355 வாக்கு வித்தியாசத்தைப் பழைய சேப்பாக்கத்தோடு ஒப்பிடுவது, பாகம் பிரிந்த வயலின் விளைச்சலைக் கூட்டுப்பட்டாவின் விளைச்சலோடு ஒப்பிடுவது மாதிரி.

தமிழ்நாட்டில் 2011 சட்டமன்றத் தேர்தல்தான் புதிய எல்லைகளோடு நடந்த முதல் சட்டமன்றத் தேர்தல். அதனால் 2006க்கும் 2011க்கும் நடுவே ஒரு கோடு கிழித்துவிட வேண்டும். கொளத்தூர் போன்றவற்றுக்கு 2011க்கு முன் வரலாறே கிடையாது. சாத்தான்குளம், சேரன்மாதேவி, மருங்காபுரி ஆகியவற்றுக்கு அதற்குப் பின் கிடையாது. பெயர் மாறாமல் உள்ளே ஊர்கள் மாறிய தொகுதிகளில்தான் ஏமாறுவது எளிது. தொகுதி எண்ணை வைத்தும் பழைய தரவைச் சேர்க்கக் கூடாது. கும்மிடிப்பூண்டி 1இல் தொடங்கி கிள்ளியூர் 234இல் முடியும் இன்றைய வரிசை 2008 தொகுதி மறுவரையறை ஆணையில் வந்தது.

எல்லையைச் சரிபார்க்க அந்த ஆணையைத்தான் திறக்க வேண்டும். கிராமப்புறத் தொகுதி என்றால் வட்டம், வருவாய்க் கிராமம், பேரூராட்சி என்று பெயரோடு இருக்கும், சிக்கல் குறைவு. சென்னைத் தொகுதிகளில் மாநகராட்சி வார்டு எண்கள்தான் இருக்கும். அவை 155 வார்டு இருந்த காலத்து எண்கள். 2011இல் மாநகராட்சி விரிந்து 200 வார்டாகி, எண்கள் புதிதாக இடப்பட்டன. இன்றைய வார்டு வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆணையைப் படித்தால் தொகுதி வேறெங்கோ போய் உட்கார்ந்துவிடும்.

மாவட்டவாரிக் கூட்டலிலும் இதே கதை. 2016இல் நெல்லை மாவட்டத்தில் 10 தொகுதிகள். தென்காசி தனி மாவட்டமானதால் 2021இல் 5 தொகுதிகள். "நெல்லையில் இந்தக் கட்சி பாதி இடங்களை இழந்தது" என்று எழுதுமுன் எந்த நெல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொகுதிக்குள் பூத் வாரியாக இறங்குகிறவர்களுக்கு, இறுதி முடிவுத் தாளான படிவம் 20தான் மூலம். ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு வரி: வேட்பாளர் வாரியாக வாக்கு, மொத்தச் செல்லத்தக்க வாக்கு, செல்லாதவை, நோட்டா, கூட்டுத்தொகை. கடைசியில் டெண்டர் ஓட்டுக்கு ஒரு பத்தி. தன் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டார் என்று தெரியும்போது, உண்மையான வாக்காளருக்குத் தரும் சீட்டு அது. உறையில் போட்டுத் தனியே வைப்பார்கள், எண்ணிக்கையன்று எண்ணமாட்டார்கள். இந்தப் பத்தியையும் சேர்த்துக் கூட்டிவிட்டு "கணக்கில் நாலு ஓட்டு உதைக்கிறது" என்று புகார் கிளப்புவதைப் பார்க்கலாம்.

பூத் எண்ணிலும் ஒரு பொறி உண்டு. 2021இல் கொரோனாவுக்காக ஒரு சாவடிக்கு ஆயிரம் வாக்காளர் என்று வரம்பு வைத்ததால் துணைச் சாவடிகள் முளைத்தன, மாநிலம் முழுக்க 88,937 சாவடிகள் ஆயின. 2016இன் 47ஆம் பூத்தும் 2021இன் 47ஆம் பூத்தும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். எண்ணை விட்டுவிட்டு, வாக்காளர் பட்டியலில் அந்தச் சாவடிக்குரிய பாகத்தில் உள்ள தெருப் பெயர்களை வைத்துப் பொருத்துங்கள். இரண்டு நாள் வேலை, ஆனால் குறுக்குவழி கிடையாது.

கட்சிப் பெயர் எழுதும் பத்தியில் நடக்கும் தவறுகள் சிறியவை போலத் தெரியும். 2021இல் திமுக வென்றது 133 என்று தேர்தல் ஆணையக் கணக்கு சொல்லும். அதில் 8 பேர் உதயசூரியனில் நின்ற கூட்டணிக் கட்சியினர்: மதிமுக 4, மனிதநேய மக்கள் கட்சி 2, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி 1, தமிழக வாழ்வுரிமைக் கட்சி 1. ஆணையத்துக்குச் சின்னம்தான் கணக்கு. சாத்தூரில் மதிமுக வென்றது என்பதும் சரி, திமுக சின்னம் வென்றது என்பதும் சரி, எதை எழுதுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். இதற்கு எதிர்த்திசைத் தவறும் உண்டு. 2017 டிசம்பர் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் தினகரன் பெயருக்கு நேரே அமமுக என்று போடுவார்கள். அன்று அவர் பிரஷர் குக்கர் சின்னத்தில் நின்ற சுயேச்சை. அமமுக தொடங்கியது 2018 மார்ச்சில்.

அதே ஆர்.கே. நகர் டெபாசிட் கணக்குக்கும் நல்ல பாடம். டெபாசிட் திரும்ப வர, பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். சரியாக ஆறில் ஒன்று வாங்கினாலும் போய்விடும். 1,80,000 செல்லத்தக்க வாக்கு என்றால் 30,000 போதாது, 30,001 வேண்டும். நோட்டாவை இந்த மொத்தத்தில் சேர்க்கக் கூடாது, பலர் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே தினகரனுக்கு 89,013, அதிமுகவின் மதுசூதனனுக்கு 48,306, திமுகவின் மருதுகணேஷுக்கு 24,651. நோட்டா நீக்கிய மொத்தத்தில் ஆறில் ஒன்று 29,000க்குச் சற்று மேலே வருகிறது. மூன்றாமிடம் வந்தும் திமுகவுக்கு டெபாசிட் போனது அப்படித்தான். வாக்குகள் ஒருவர் பக்கம் குவிந்தால் பெரிய கட்சிக்கும் இது நடக்கும். அதை வைத்துக் கட்சி அங்கே செத்துவிட்டது என்று எழுதியவர்களுக்கு 2021இல் அதே தொகுதியில் திமுக வென்று பதில் சொன்னது.

இடைத்தேர்தல் எது, தள்ளிவைத்த தேர்தல் எது என்பதும் குழம்பும். 2016 மே மாதத்தில் தமிழகத்தில் 232 தொகுதிகளில்தான் வாக்குப்பதிவு நடந்தது. பணப் பட்டுவாடாவால் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் நின்றுபோய், நவம்பர் 19இல் திருப்பரங்குன்றத்தோடு சேர்த்து நடந்தன. திருப்பரங்குன்றம் மட்டுமே இடைத்தேர்தல். மற்ற இரண்டும் பொதுத்தேர்தலின் பாக்கி. அரவக்குறிச்சியில் நவம்பரில் அதிமுக சார்பில் வென்ற செந்தில் பாலாஜி 2017இல் தகுதி நீக்கம் ஆகி, 2019 மே இடைத்தேர்தலில் திமுகவில் நின்று வென்றார். ஒரே பேரவைக் காலத்தில் இரண்டு தேர்தல், இரண்டு கட்சி, ஒரே ஆள். பட்டியலில் 2016க்கு ஒரே வரி இருந்தால் அது பாதிக் கதைதான்.

வித்தியாசம் குறைவான தொகுதிகளில் தபால் ஓட்டைக் கவனிக்காமல் விடுவது பெரிய தவறு. ராதாபுரம், 2016: அதிமுகவின் இன்பதுரைக்கு 69,590, திமுகவின் அப்பாவுக்கு 69,541. வித்தியாசம் 49. செல்லாது என்று ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகளில் 203 மீது வழக்கு. தபால் ஓட்டில் வாக்குச்சீட்டு ஓர் உள் உறையில் இருக்கும். உறுதிமொழிப் படிவமான 13ஏ அதற்கு வெளியே, பெரிய உறைக்குள் இருக்கும். அதில் தகுதியுள்ள அதிகாரியின் சான்றொப்பம் இல்லையென்றால் உள் உறையைப் பிரிக்காமலேயே தள்ளிவிடுவார்கள், யாருக்குப் போட்ட ஓட்டு என்ற கேள்விக்கே இடமில்லை. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பமிடலாமா என்பதுதான் அங்கே சண்டை. அவர்களுக்கு அந்தத் தகுதி உண்டு என்றது சென்னை உயர் நீதிமன்றம். அந்தத் தபால் வாக்குகளையும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டது. 2019 அக்டோபர் 4இல் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

தியாகராய நகரில் 2021இல் வித்தியாசம் 137. இப்படிப்பட்ட தொகுதியைப் பற்றி எழுதும்போது படிவம் 20இன் கடைசிப் பகுதியில் தபால் வாக்கு வரியைத் தனியே எடுத்து, இயந்திர வாக்கில் மட்டும் யார் முன்னிலை, தபாலில் யார் முன்னிலை என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். கூடவே எத்தனை தபால் வாக்குகள் செல்லாதவை என்ற எண்ணையும் எழுதுங்கள். வித்தியாசத்தைவிட அது பெரிதாக இருந்தால் அந்தத் தொகுதியைக் கோட்டை என்று எழுதக் கை வராது.