"சாப்பிடுறான்ல, அப்புறம் என்ன?": செல்லப்பிராணியோட கடைசி நாட்கள்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்க தெருவுல இருக்கிற ஒரு தம்பி, அவனோட கோல்டன் ரிட்ரீவர் நாயை பெட்ஷீட்ல தூக்கிட்டு வந்து வெயில்ல படுக்க வச்சான். பதிமூணு வயசு, பின்னங்கால் ரெண்டும் வரல, முதுகெலும்பு கையில தட்டுது. "ஊசி போட்டு வலியில்லாம அனுப்பிடலாம், முடிவெடுங்கன்னு டாக்டர் சொல்றாருக்கா, ஆனா காலைல கூட ரெண்டு முட்டை சாப்பிட்டான், சாப்பிடுற வரைக்கும் பாக்கலாம்னு இருக்கேன்"ன்னான். எனக்கு வயித்தைப் பிசைஞ்சுடுச்சு. ஆறு வருஷம் முன்னாடி இதே வார்த்தையை நான் சொல்லியிருக்கேன்.

பதினஞ்சு வருஷத்துல நாலு நாய், ரெண்டு பூனைன்னு வழியனுப்பியிருக்கேன். வளர்த்ததும் உண்டு, தெருவுல இருந்து எடுத்துட்டு வந்ததும் உண்டு. தடுப்பூசி தவறாம போடுங்க, சாக்லேட் குடுக்காதீங்கங்கிறதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடுறேன்.

சோத்தை வச்சு உசுரை அளக்குறது

எங்க மணி லேப்ரடார். பத்து வயசு, 34 கிலோ. முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தான், சுளுக்கா இருக்கும்னு மூணு வாரம் ஓட்டிட்டேன். அப்புறம் சேலத்துல இருந்து நாமக்கல் கால்நடை காலேஜுக்குக் கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்தா, மணிக்கட்டுக்கு மேல எலும்புல கேன்சர். நெஞ்சு எக்ஸ்ரேலயும் உருண்டை உருண்டையா தெரிஞ்சுது, நுரையீரலுக்குப் போயாச்சு. டாக்டர் ஒளிக்காம சொன்னார், இது ரொம்ப வலிக்கிற கேன்சர்மா, அந்த எலும்பு உள்ளுக்குள்ள அரிச்சுப் போயிருக்கு, சாதாரணமா கால் வச்சாலே உடையலாம், அதுக்கு முன்னாடி முடிவு பண்ணிடுங்கன்னு.

வலி மாத்திரை எழுதிக் குடுத்தார், வாங்கிட்டு வந்தேன். நாள் குறிக்க மட்டும் மனசு வரல. ஒவ்வொரு நாளும் தட்டை வச்சிட்டுப் பக்கத்துல உக்காந்து பார்ப்பேன், அவன் நக்கிக் காலி பண்ணதும் சரி இன்னைக்கு இல்லன்னு எழுந்துப்பேன். அம்மாவும் "சோறு திங்கிற உசுருக்குப் போயி ஊசி போடறேங்கிற, உனக்கு மனசு வருதா கண்ணு"ன்னு அழுதாங்க. நம்ம வீடுகள்ல யாரைப் பார்த்தாலும் மொதல்ல கேக்கறது சாப்டியான்னுதானே, சாப்பிட்டா நல்லாருக்காங்கன்னு அர்த்தம், அந்தக் கணக்கையே நாய்க்கும் போட்டுட்டேன்.

பதினேழாவது நாள் ராத்திரி எட்டு மணிக்கு கோழிச் சாதம் முழுசா சாப்பிட்டான். ரெண்டு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்தவன் டைல்ஸ்ல வழுக்கினான், அந்தக் கால் ஒடிஞ்சுடுச்சு. அவன் கத்தின மாதிரி நான் எந்த உசுரும் கத்திக் கேட்டதில்ல. எட்டு பேருக்கு போன் போட்டேன், அந்நேரத்துக்கு யார் எடுப்பாங்க. 34 கிலோவை அசைக்கவும் முடியல, தொட்டாலே கடிக்க வந்தான், பத்து வருஷத்துல என்னைக் கடிக்க வந்தது அன்னைக்குத்தான். டாக்டர் வரும்போது காலைல ஒன்பதரை. ஏழரை மணி நேரம். அந்த ஏழரை மணி நேரத்தை அவனுக்குக் குடுத்தது நான், ஏன்னா பதினாறு நாளும் தட்டு காலியா இருந்துச்சு.

அதனாலதான் யாராவது "சாப்பிடுறான்ல"ன்னு ஆரம்பிச்சா எனக்கு இன்னும் பொறுக்க மாட்டேங்குது. லேப் மாதிரி நாய்ங்க நிறைய வலிச்சாலும் சாப்பிடுறது உண்டு. நீங்க குடுக்கிற மருந்துல பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு இருந்தா அதுவே பசியைக் கிளப்பிவிடும், உடனே தேறிட்டான்னு நெனச்சுடுவோம். கிட்னி கேஸ்ல இது தலைகீழ், பசியே போயிடும், முக்கால்வாசி கிட்னி போன பிறகுதான் ரத்த டெஸ்ட்ல கிட்னி கெட்டதைக் காட்டுற கிரியேட்டினினே ஏறும், நாலு நாள் டிரிப்ஸ் போட்டா ரெண்டு வாய் தயிர் சாதம் சாப்பிடும், நாம அதைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு மாசம் இழுப்போம்.

வலி வேற இடத்துல தெரியும். வெயில் இல்லாத நேரத்துல மூச்சு இரைக்கறது, ராத்திரி பூரா இடம் மாத்தி மாத்திப் படுக்கறது, பக்கவாட்டுல சாயாமலே உக்காந்திருக்கறது, ஒரே இடத்தை நக்கிட்டே இருக்கறது, நீங்க கேட்டைத் திறந்தாலும் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கறது. பூனைன்னா இன்னும் கஷ்டம், உடம்பை நக்கிச் சுத்தம் பண்றதை நிறுத்திட்டு பீரோவுக்கு அடியில போயி குந்திக்கும், அவ்வளவுதான் காட்டும்.

ஆலிஸ் வில்லலோபோஸ்னு ஒரு அமெரிக்கக் கால்நடை டாக்டர் 2004ல ஒரு மார்க் முறை கொண்டுவந்தாங்க. வலி, பசி, உடம்புல நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளை விட நல்ல நாள் அதிகமா இருக்கா, இந்த ஏழுக்கும் பத்துப் பத்து மார்க், நெலமை நல்லா இருந்தா மார்க் அதிகம். மொத்தம் 35க்கு மேல இருந்தா பராமரிச்சுட்டுப் போகலாம். பாருங்க, பசி ஏழுல ஒண்ணுதான். வலியைக் கணக்கு போடும்போது மூச்சு சரியா விட முடியுதாங்கிறதையும் சேர்த்துதான் போடணும்.

இவ்வளவு கணக்கு வேண்டாம்னா வீட்டுல கிழிக்கிற தினசரி காலண்டர் இருக்குமே, அந்தத் தாள்ல ராத்திரி படுக்கும்போது நல்ல நாள்னா ஒரு டிக், கெட்ட நாள்னா ஒரு பெருக்கல் போட்டு, கிழிச்சதைத் தூக்கிப் போடாம அடுக்கி வைங்க. எங்க இன்னொரு நாய் கருப்பிக்கு அப்படித்தான் பண்ணேன். மனசு பொய் சொல்லும், மூணு நாள் முன்னாடி அவ எழுந்து குலைச்சதை நேத்து நடந்த மாதிரி காட்டும். ஒரு வாரத்துத் தாளை வரிசையா வச்சுப் பார்த்தப்ப அஞ்சு பெருக்கல். அன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணிட்டேன்.

மனுஷ மாத்திரை

பூனைக்கு பாராசிட்டமால் விஷம். நாய்க்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் கிட்டவே கொண்டுபோகாதீங்க.

வாயைத் திறந்து ஊத்துறது

முழுங்க முடியாத உசுருக்கு சிரிஞ்சுல கஞ்சி ஊத்தினா நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும். கையில வச்சுக் காட்டுங்க, முகத்தைத் திருப்பினா விட்டுடுங்க.

"உங்க நாயா இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?"

கேட்கலாம், தப்பில்ல. ஆனா அதோட நிறுத்திடுறோம். இந்த வியாதி முத்தினா கடைசி நாள் எப்படி இருக்கும், என்ன தெரிஞ்சா உடனே கூப்பிடணும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஆச்சுன்னா யார் வருவாங்க, இந்த மூணையும் கேட்டு எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டுங்க. மூணாவதை நான் கேட்கல.

ஊசி போடும்போது வெளியே போயிடுறது

முடியலன்னா யாரும் குறை சொல்லப் போறதில்ல. ஆனா நிறைய பேர் போறது என்ன நடக்கும்னு தெரியாத பயத்துலதான். மொதல்ல மயக்க ஊசி, அதுல நல்லாத் தூங்கிடும், டாக்டர் அதைப் போடலன்னா மயக்க ஊசி மொதல்ல வேணும்னு நீங்களே கேளுங்க. அப்புறம் நரம்புல அளவுக்கு அதிகமான மயக்க மருந்து, மூச்சும் இதயமும் சில நிமிஷத்துல நின்னுடும். கண்ணு மூடாது. முடிஞ்ச பிறகும் ஒண்ணு ரெண்டு தடவை மூச்சு இழுக்கற மாதிரி இருக்கும், தசை துடிக்கும், சிறுநீர் போகும், இதெல்லாம் உசுர் இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஸ்டெதஸ்கோப் வச்சுப் பார்த்துட்டு டாக்டரே சொல்லுவார். கருப்பியை முருங்கை மரத்தடியில, அவ வழக்கமா படுக்கற சாக்குலயே படுக்க வச்சு, தலையை என் மடியில வச்சிருந்தேன். காதைத் தடவிட்டே இருந்தேன், கடைசி வரைக்கும் என் குரல் கேட்டுச்சு அவளுக்கு.

"ஊருக்கு அனுப்பிட்டோம்"

குழந்தைங்ககிட்ட இதைச் சொல்லாதீங்க. குழந்தை லீவுக்கு லீவு எப்ப வரும்னு கேட்டுட்டே இருக்கும். "தூங்க வச்சிட்டோம்"னும் வேண்டாம், தூங்கவே பயப்படும். செத்துப் போச்சுன்னு சொல்லுங்க, கூட உக்காந்து அழுங்க.

கழுத்துப்பட்டை

அன்னைக்கே தூக்கிப் போடாதீங்க. வீட்டுல இன்னொரு நாய் இருந்தா அது மோந்து பார்க்கட்டும்.