நஞ்சுக்கொடி கீழ இருக்குன்னு சொன்னா பண்ணக்கூடாத தப்புகள்

அஞ்சாம் மாச ஸ்கேன் ரிப்போர்ட்ல "லோ லையிங் பிளசென்டா"ன்னு (நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்துல கீழ இருக்குன்னு அர்த்தம்) ஒரு வரியைப் பார்த்ததும், அய்யோ சிசேரியன்தான்னு அன்னைக்கே முடிவு பண்ணி அழ ஆரம்பிச்சிடுறாங்க. அவசரப்படாதீங்க. கடைசி மூணு மாசத்துல கர்ப்பப்பையோட கீழ்ப்பகுதி நல்லா நீண்டு விரியும், அப்போ நஞ்சுக்கொடியும் (சுருக்கமா நஞ்சு) கர்ப்பப்பை வாயை விட்டு விலகி மேல போயிடும், பத்துல ஒன்பது பேருக்கு பிரசவத்துக்குள்ள இப்படி சரியாயிடுது. (ரிப்போர்ட்ல "ஆன்டீரியர்"னு இருந்தா அது முன்பக்கம் ஒட்டியிருக்குன்னு மட்டும்தான், நோயும் இல்ல, ஆணா பொண்ணான்னு சொல்ற ஜோசியமும் இல்ல.)

ஆனா "அதெல்லாம் தானா ஏறிடும்"னு யாரோ சொன்னதை நம்பி 32 வார ஸ்கேனை விட்டுடுறாங்க பாருங்க, அதுதான் தப்பு. ஏறுச்சா இல்லையான்னு பார்த்தாதானே தெரியும்? அப்பவும் கர்ப்பப்பை வாய்க்கு 2 செ.மீ.க்குள்ள இருந்தாலோ வாயை மூடியிருந்தாலோ 36 வாரத்துல திரும்பப் பார்ப்பாங்க. பிறப்புறுப்பு வழியா எடுக்குற ஸ்கேன்னா சிலர் பயந்து வேணாம்ங்கிறாங்க, அது பாதுகாப்பானதுதான், அளவும் சரியா தெரியும். நஞ்சு எங்க இருக்குன்னு தெரியாம உள்ள கைவிட்டு சோதிக்கிறதுதான் ஆபத்து, அதனால அவசரத்துக்கு புது ஆஸ்பத்திரிக்குப் போனா வாசல்லயே இதைச் சொல்லிடுங்க.

அடுத்தது ப்ளீடிங். "வலியே இல்ல, கொஞ்சமாதான் பட்டுச்சு, நின்னும் போச்சு, அடுத்த செக்கப்ல சொல்லிக்கலாம்"னு இருந்துடாதீங்க. நஞ்சு கீழ இருந்து வர்ற ரத்தம் பெரும்பாலும் வலி இல்லாமதான் வரும், முதல் தடவை லேசா வந்து நின்னுட்டு அடுத்த தடவை கொட்டலாம். இதுக்கு நேர் எதிர், நஞ்சு முன்கூட்டியே பிரிஞ்சு வர்றது. வயிறு கல்லு மாதிரி இறுகும், விடாம வலிக்கும், ரத்தம் உள்ளயே தேங்கிட்டு வெளிய ஒரு சொட்டு கூட வராமலும் இருக்கலாம், "ரத்தம்தான் வரலையே"ன்னு உக்காந்திருந்தா குழந்தைக்கும் அம்மாவுக்கும் உயிராபத்து. பிபி அதிகமா இருக்கவங்க, சிகரெட் பழக்கம் இருக்கவங்க, வயித்துல அடிபட்டவங்க இதுல ரொம்ப கவனமா இருக்கணும். குழந்தையோட அசைவு குறைஞ்சா இனிப்பு சாப்பிட்டு படுத்துப் பார்க்கலாம்னு நேரம் கடத்தாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.

முன்னாடி சிசேரியன் ஆனவங்களுக்கு நஞ்சு பழைய தழும்பு மேலயே உக்காந்தா ஆழமா வேரோடி ஒட்டிக்கலாம், அப்படி ஒட்டிக்கிட்டா பிரசவத்தப்போ பிரியாது, சில சமயம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும். ஒரு சிசேரியனுக்கு அப்புறம் நஞ்சும் வாயை மூடியிருந்தா 100ல 11 பேருக்கு, ரெண்டு சிசேரியன் ஆகியிருந்தா 40 பேருக்கு இப்படி ஆழமா ஒட்டிக்குதுன்னு ஒரு பெரிய ஆய்வுல வந்துச்சு. வீட்டுக்குப் பக்கம்னு சின்ன ஆஸ்பத்திரியில புக் பண்ணாம, ரத்த வங்கியும் ஐசியூவும் இருக்கற இடமா முன்னாடியே பாருங்க.

மாசக்கணக்கா கட்டில்லயே கிடக்கறது நஞ்சை மேல ஏத்தாது, கால்ல ரத்தம் உறையற ஆபத்துதான் கூடும். உடலுறவு வேணாம்னு டாக்டர் சொன்னா மட்டும் அதைக் கேளுங்க, இரும்புச்சத்து மாத்திரையை விடாதீங்க. ரத்த வகை நெகட்டிவ்னா ப்ளீடிங் ஆனதும் 72 மணி நேரத்துக்குள்ள ஆன்டி-டி ஊசி (குழந்தையோட ரத்தத்தை அம்மா உடம்பு எதிர்க்காம தடுக்கறது) வேணுமான்னு கேளுங்க, ஏழாம் மாசமே ஒண்ணு போட்டாச்சேன்னு விட்டுடாதீங்க.