புகைபோக்கிக் கல்லில் தங்கத்தை எங்கே தேடுவது

ஆழ்கடல் வெந்நீர் ஊற்றின் வாயில், நீரிலிருந்து கனிமங்கள் படிந்து குழாய்போல் எழும்பும் கல்தான் புகைபோக்கி. அதன் துண்டு கைக்கு வந்தால், தயவுசெய்து உடனே தண்ணீரில் கழுவாதீர்கள். அதில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் அன்ஹைட்ரைட், அதாவது கால்சியம் சல்பேட். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், இது நேர்மாறு. கடல்நீர் சுமார் 150 டிகிரியைத் தாண்டும்போது படியும், குளிர்ந்த நீரில் மெல்லக் கரையும். புகைபோக்கியின் முதல் சுவரே இப்படித்தான் எழும்புகிறது. அதனால் நான் அறுக்கும்போது தண்ணீருக்குப் பதில் எண்ணெய்தான் விடுவேன்.

வாழைத்தண்டை வில்லை போடுவதுபோல் குறுக்கே அறுங்கள். நடுவில் வெந்நீர் ஏறிய துளை. அதை ஒட்டிப் பித்தளை நிறத்தில் சால்கோபைரைட், செம்பின் தாது. வெளியே போகப்போக இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டும், துத்தநாகத் தாதுவான ஸ்பேலரைட்டும். உள்ளே 350 டிகிரி, வெளியே 2 டிகிரிக் கடல். அந்த இறக்கம் முழுவதும் சில சென்டிமீட்டர் கல்லில் பதிந்திருக்கிறது.

கல் துளை நிறைந்தது, கை பட்டாலே உதிரும். வெற்றிடத்தில் எபாக்ஸிப் பிசின் ஏற்றி, இறுகியபின் தேயுங்கள். கடைசியில் 1 மைக்ரான் வைரப் பசை. இதில் அவசரம் வேண்டாம். தங்கம் மென்மையானது, சின்னத் துணுக்கு பெயர்ந்து போய்விடும்.

சரி, எங்கே தேடுவது? முதல் கல்லில் இரண்டு வாரம் நான் துளையை ஒட்டிய மஞ்சள் பகுதியிலேயே தேடினேன். ஒன்றும் இல்லை. சூடு அதிகமான இடத்தில்தான் தங்கம் இருக்கும் என்று எண்ணியது தவறு. கொஞ்சம் சூடு குறைந்த நீரில் தங்கத்தைச் சுமப்பது ஹைட்ரஜன் சல்பைடு. கடல்நீர் கலந்து, கந்தகம் சேர்ந்த சல்பைடு கனிமங்கள் படிந்து ஹைட்ரஜன் சல்பைடு குறையும்போது, பிடி விட்டுத் தங்கம் இறங்கிவிடுகிறது. ஆகவே பல கற்களில் வெளிப்பக்கத்து ஸ்பேலரைட், பேரைட் (பேரியம் சல்பேட்), சிலிக்கா அடுக்குகளை முதலில் பாருங்கள். வெள்ளிக்கு ஈயத் தாதுவான கலீனாவையும், செம்பும் ஆர்சனிக்கும் கலந்த டெனன்டைட்டையும் பாருங்கள்.

பிறகு கல் வந்த ஆழத்தைக் கேளுங்கள். இதை நான் விடவே மாட்டேன். இந்தியப் பெருங்கடலின் கைரெய் ஊற்று சுமார் 2,400 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் 350 டிகிரி நீரும் கொதிக்காது. ஆழம் குறைந்தால் நீர் மேலேறும் வழியிலேயே கொதிக்கும், ஹைட்ரஜன் சல்பைடு ஆவியோடு போகும், தங்கம் அங்கேயே படியும். பப்புவா நியூ கினியின் லிஹிர் தீவருகே கோனிக்கல் கடல்மலையின் உச்சி சுமார் 1,050 மீட்டர் ஆழம்தான். அங்கே எடுத்த மாதிரிகளில் டன்னுக்கு சராசரியாக 26 கிராம் தங்கம், ஒன்றில் 230 கிராம். அதே நாட்டின் சோல்வாரா 1 படிவில், சுமார் 1,600 மீட்டரில், 5 கிராம் அளவுதான். ஆழம் மட்டுமே காரணம் இல்லை. அடியில் இருக்கும் எரிமலைக் குழம்பின் வகைக்கும் இதில் பங்கு உண்டு.

நுண்நோக்கியில் சால்கோபைரைட்டைத் தங்கம் என்று நம்பிவிடுவது எளிது. இரண்டும் ஒரே பார்வையில் வரும்படி வையுங்கள். தங்கத்தின் பக்கத்தில் சால்கோபைரைட் மங்கிப்போகும். சந்தேகம் இருந்தால் எலக்ட்ரான் நுண்நோக்கி. அங்கே தங்கம் வெள்ளைப் புள்ளியாக ஒளிரும்.

ஆய்வுக்கு அனுப்பும்போது முழுத் துண்டையும் ஒன்றாக அரைத்துவிடாதீர்கள். உள், நடு, வெளி என்று சுரண்டி, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, துளையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதுங்கள்.